ஒரு நாள் அடைப்பு

வா பிள்ளை, உள்ள வா. குனிஞ்சு வா, இன்னும் குனி. வேலியில விட்ட இந்தப் பொட்டுக்குள்ளால வாற எல்லாரும் தலையைக் காப்பாத்திப்போட்டு முதுகைக் கீறிக்கொள்ளுவினம். பனங்கருக்குக் கீறினால் ஒரு கிழமைக்கு எரியும். சின்னனில இந்தப் பொட்டுக்குள்ளால கோழிக்குஞ்சு மாதிரி ஓடித் திரிஞ்சனீ, இப்ப வெளிநாட்டு உயரம் வந்திட்டுது உனக்கு.

இந்தக் கதிரையில இரு. அதில வேண்டாம், அதுக்குக் கால் ஆட்டம். தேத்தண்ணி வைச்சிட்டன். நீ வருவாய் எண்டு எனக்குத் தெரியும். நேற்றுப் பின்னேரம் உன்ர படம் ஓடின பள்ளிக்கூட மண்டபத்தில அத்தினை சனத்துக்கு நடுவில எழும்பி நிண்டு "பிழை" எண்டு கத்தினனான்தானே. எங்க பிழை, என்ன பிழை எண்டு கேக்காமல் நீ பிளேன் ஏறமாட்டாய். கொப்பரின்ர மகளெல்லே. அவரும் அப்பிடித்தான், ஆர் என்ன சொன்னாலும் நேர வந்து நிண்டு கேப்பார்.

நான் பிழை எண்டது படத்தை இல்லை, பிள்ளை. அதை முதல் விளங்கிக்கொள். படம் நல்ல படம். எங்கட நொச்சியம்புலத்துக்கு ஆமி வந்து இருந்த காலத்தை இவ்வளவு வடிவா ஒருத்தரும் எடுக்கேல்லை. சனம் மூக்கைச் சீறிக்கொண்டு போனதைப் பாத்தனீதானே. நானும் அழுதனான், ஏன் மறைப்பான்? கோழி கூப்பிடுற இடத்தில எனக்கு அடக்கேலாமல் போச்சுது. நான் பிழை எண்டது வேலியை. அதைச் சொல்ல வாயெடுக்க, விதானையார் என்ர தோளில கையை வைச்சு அமத்திப்போட்டார். இருங்கோ அண்ணை, இருங்கோ எண்டுறார். முன் வரிசையில கொம்மா இருந்தவ, திரும்பியும் பாக்கேல்லை.

சின்னச் சின்னப் பிழையளும் கிடக்கு. அதுகளை நான் பெரிசா எடுக்கேல்லை. இந்தியாவில எங்கயோ கடற்கரையில எடுத்தனியளாம், எங்கட ஊரில கடல் எங்க கிடக்கு? பொம்பிளையள் எல்லாரும் வேலிக்கு முன்னால நிண்டு பாட்டுப் பாடுகினம். இஞ்ச ஒருத்தரும் பாடேல்லை, பிள்ளை. வாயை மூடிக்கொண்டு ஓலைதான் கட்டினவை. பிறகு உந்தக் கொப்பரா நடிச்ச ஆள். நல்ல வடிவான ஆள், மறுக்கேல்லை. ஆனால் வேலிக்கு மேலால தலை தெரியுது அவருக்கு. கொப்பர் கட்டை. என்ர தோளுக்குத்தான் வருவார். வேலிக்கு மேலால தலை தெரியிற ஆளெண்டால் அவருக்கு எங்கட ஊர் வேலியின்ர அருமை விளங்கியிராது.

தேத்தண்ணி குடி. பனங்கட்டி அந்தத் தட்டில கிடக்கு. சீனி முடிஞ்சுபோச்சு. கடைக்குப் போகவேணும், பின்னேரம் உங்கட வீட்டு வளவுக்குள்ளால போய் வாங்கிக்கொண்டு வருவன்.

முன் படலையாலயோ? எங்கால போறது, பிள்ளை? வந்து எட்டிப் பார் வேணுமெண்டால். படலையைத் திறந்தால் மண்மூட்டை, மண்மூட்டைக்கு அங்கால தகரம், தகரத்துக்கு அங்கால ஆமிக் காம்ப். வாசலுக்கு முன்னால ஓடின ஒழுங்கையையே விழுங்கிப்போட்டாங்கள். சண்டை முடிஞ்சுது எண்டு எல்லாரும் சொல்லுகினம், என்ர படலைக்கு ஒருத்தரும் வந்து சொல்லேல்லை. இந்தப் பக்கம் செல்லத்துரையின்ர வளவு, அவன் கனடாவில இருந்து காசனுப்பிக் கல்மதில் எழுப்பிப்போட்டான். பின்னுக்கு ஆரோ காணி வாங்கி அவையளும் மதில். எனக்கு வெளிய போக இருக்கிறது நீ இப்ப வந்த பொட்டு ஒண்டுதான். அதால குனிஞ்சு போய், உங்கட முத்தத்தைக் கடந்து, உங்கட படலையால றோட்டுக்கு ஏறவேணும். நான் செத்தால் பாடையும் உங்கட முத்தத்தாலதான் போகவேணும். பாடையோட எப்பிடிக் குனியிறது எண்டுதான் தெரியேல்லை.

அதாலதான் சொல்லுறன், இந்தப் பொட்டைப் பற்றிப் பேச என்னைவிட உரித்துள்ள ஆள் ஊரில இல்லை.

வேலி எண்டால் எங்களுக்கு என்னெண்டு நீ படத்தில காட்டேல்லை. உன்னில பிழையில்லை, நீ பிறகு வெளிநாட்டிலதானே வளர்ந்தனீ. உந்த எல்லைக்காக கொப்பரைப் பெத்த உன்ர பேரனாரும் என்ர ஐயாவும் வழக்காடக் கோட்டுக்குப் போனவை. அவை போய்ச் சேர்ந்தாப் பிறகு நானும் கொப்பரும் போனம். பேரனார் வேலிக்கு நடுற ஒரு கிளுவங் கதியாலை எங்கட பக்கம் தள்ளி நட்டிட்டார் எண்டது எங்கட கட்சி. கதியால் வேர்விட்டுப் பருத்துத் தானா இஞ்சால வந்தது எண்டது உங்கட கட்சி. ஒரு கதியால் அகல நிலத்தில என்ன விளையும் எண்டு கேக்காத. ஒண்டும் விளையாது. அதுக்காக விடுறதே?

வழக்குத் தவணையெண்டால் நானும் கொப்பரும் ஒரே பஸ்ஸில போவம். வேற பஸ் இல்லையே. அவர் முன்னுக்கு, நான் பின்னுக்கு. ஒரே கடையில தோசை தின்னுவம், வேற வேற மேசையில. கோட்டில ஆளையாள் பாக்காமல் நிண்டிட்டு அதே பஸ்ஸில திரும்பி வருவம். கதை பேச்சு இல்லை. ஆனால் ஒருக்கால் நான் பஸ்ஸைத் தவறவிடப் பாக்க, மனுசன் மிதிபலகையில ஒரு காலை வைச்சுக்கொண்டு ஏறாமல் நிண்டார், நான் ஓடிவந்து ஏறுமட்டும். ஏறினாப் பிறகு மற்றப் பக்கம் பாத்துக்கொண்டு போனார்.

அப்பிடி இருக்கேக்கதான் ஆமி வந்தது. பள்ளிக்கூடத்தில குந்தினாங்கள். ரயில் நிண்டுபோச்சு. நான் ஸ்டேசன் மாஸ்டரா இருந்தனான், ரயில் இல்லாத ஸ்டேசனுக்கு மாஸ்டர் என்னத்துக்கு? நானும் வீட்டோட நிண்டிட்டன். வந்த கொஞ்ச நாளிலயே ஒலிபெருக்கியில சொன்னாங்கள், வேலியெல்லாத்தையும் முழங்கால் உயரத்துக்கு வெட்டவேணுமெண்டு. ஊரின்ர ஒரு தொங்கலில நிண்டு பாத்தால் மற்றத் தொங்கல் தெரியவேணுமாம்.

நீயே சொல்லு. உடுத்தின துணியை அவிட்டுப்போட்டுச் சந்தியில நில் எண்டு சொன்ன மாதிரியெல்லே? பிள்ளையார் கோயில் முன்றலில ஊர் கூடிச்சுது. ஒண்டுக்கும் ஒருநாளும் ஒத்துவராத சனம். தேர் எந்த வீதியால திரும்பிறது எண்டதுக்கே மண்டை உடைச்ச சனம். கொப்பர் அப்ப சனசமூக நிலையத் தலைவர். எழும்பி, "ஆரும் வெட்டேலாது" எண்டார். அவ்வளவுதான் பேச்சு. முழு ஊரும் ஓமெண்டுது. வேலிக்காக ஆளையாள் வெட்ட வெளிக்கிட்ட சனம், வேலிக்காக ஒண்டாச் சேந்துது. எனக்குப் பக்கத்தில நிண்ட ஆளைப் பாக்கிறன், அவரும் தன்ர பக்கத்து வீட்டுக்காரனோட வழக்காடிற ஆள்தான். எனக்குச் சிரிப்பு வந்திட்டுது.

ஆமி வந்து வெட்டினால் பொம்பிளையள் விடியிறதுக்குள்ள திரும்ப அடைச்சுப்போடுவினம். ஓலை முடிய பாய் கட்டினவை, பாய் முடிய பழஞ்சீலை கட்டினவை. அதை நீ நல்லா எடுத்திருக்கிறாய். பாட்டை மட்டும் எடுத்துவிடு.

அந்த நேரத்திலதான் பொட்டுக் கதை வந்தது. ஒவ்வொரு வேலியிலும் ஆள் குனிஞ்சு போற அளவுக்கு ஒரு பொட்டு, அதுக்கு மேலால ஒரு ஓலைத்தட்டி. தூக்கினால் வழி, விட்டால் வேலி. ஒழுங்கையில கால் வைக்காமல் மேற்குத் தொங்கலில இருந்து கோயில் குளத்துக்குப் போயிடலாம். ஆமி சந்தியில இறங்கினால் முதல் வீட்டுப் பொம்பிளை முத்தத்துக்கு வந்து கோழி கூப்பிடுவா. பா… பா… பா… எண்டு. அது கேட்டு அடுத்த வீடு கூப்பிடும், அது கேட்டு அடுத்த வீடு. ஆமி ஒழுங்கையால வந்து சேரேக்க ஆம்பிளையள் குளத்தடியில. இந்த ஊரில ஏன் இவ்வளவு கோழி எண்டு ஒரு ஆமிக்காரன் என்னட்டையே கேட்டவன். கொம்மாவின்ர குரல்தான் எல்லாத்திலயும் பெரிசு. பாவம், அதுக்குப் பிறகு அவ கோழியே வளக்கேல்லை.

எல்லா வேலியிலும் பொட்டு விழுந்திட்டுது, உந்த வேலியைத் தவிர. வழக்கு வேலியெல்லே. ஒருநாள் பத்து மணி வெய்யிலுக்க கொப்பர் வேலிக்கு அங்கால வந்து நிண்டு என்னைக் கூப்பிட்டார். அத்தினை வருசத்துக்குப் பிறகு முதல் பேச்சு.

"அண்ணை, வழக்கு வழக்காக் கிடக்கட்டும். இதில ஒரு பொட்டு வேணும்."

நான் மறுக்கேல்லை, பிள்ளை. அதை நீ எழுதி வைச்சுக்கொள்ளு. நானே கத்தி எடுத்து இஞ்சால இருந்து வெட்டினனான், அவர் அங்கால இருந்து வெட்டினார். தட்டியை ரெண்டு பேருமாத்தான் கட்டினம். முடிய, அவர் குனிஞ்சு அந்தப் பொட்டுக்குள்ளால என்னைப் பாத்துச் சிரிச்சார். என்ர மனிசி மகேசு தேத்தண்ணி கொண்டுவந்து அதுக்குள்ளாலயே நீட்டினவ.

அதுக்குப் பிறகு என்ர வளவு ஒரு ஜங்ஷன். காலமை மாலை எண்டில்லை. அரிசிக் கடகத்தோட பொம்பிளையள், காச்சல்காரரைத் தூக்கிக்கொண்டு ஆம்பிளையள், ஒண்டுமில்லாமல் சும்மா கதைக்க வாறவை. என்ர வெங்காயப் பாத்தியை மிதிச்சு முடிச்சுப்போட்டினம். மகேசுவுக்குச் சந்தோசப் புளுகம், அடுப்பில எந்த நேரமும் கேத்தில். எனக்கும் பிடிக்கேல்லை எண்டு சொல்லமாட்டன். ஸ்டேசனில இருந்த மாதிரி இருந்தது. ஆனால் ஒரு பக்கத்தால எனக்கு யோசனை ஓடிக்கொண்டே இருந்தது.

இப்பத்தான் வடிவாக் கேக்கவேணும் நீ. இதுதான் படத்தில பிழைச்ச இடம்.

எங்கட வழக்குப் பேசின அப்புக்காத்து வேலாயுதர் ஒரு விசயம் சொல்லித் தந்தவர். ஒரு காணிக்குள்ளால ஆக்கள் கனகாலம் மறிப்பில்லாமல் போய்வந்தால், அந்த வழி போறவைக்கு உரித்தாகிடும். பிறகு சாமி வந்தாலும் மறிக்கேலாது. அதுக்கு ஒரே மருந்து, வருசத்தில ஒரு நாள் அடைக்கவேணும். ஒரு நாள் காணும். தொடர்ச்சி அறுந்திடும். நான் வேலை பாத்த ஸ்டேசனிலயும் பக்கத்துச் சின்னக் கேற்றை வருசத்தில ஒரு நாள் பூட்டித்தான் வைக்கிறனாங்கள். அண்டைக்குச் சனம் சுத்தித்தான் போகவேணும். திட்டிக்கொண்டு போகும். பூட்டினால் பூட்டினதுதான்.

பொட்டு வெட்டி ஒரு வருசமாகுது. வழக்கு இன்னும் முடியேல்லை. ஆமி எண்டைக்கோ ஒருநாள் போகும், கோட்டு திறக்கும். அப்ப கொப்பரின்ர ஆள் எழும்பி, ஐயா இவரின்ர வளவுக்குள்ளால ஊரே போய்வந்தது எண்டு சொன்னால் நான் என்ன செய்யிறது? கதியால் அகல நிலத்துக்கு வழக்காடப்போய் முழு வளவையும் றோட்டாக்கிப்போட்டு நிக்கிறதே?

அதால நான் ஒரு நாள் அடைச்சனான்.

ஓம். அடைச்சது நான்தான், பிள்ளை. நீ ஆமி முட்கம்பி கொண்டுவந்து அடைச்ச மாதிரிக் காட்டியிருக்கிறாய். கறள் பிடிச்ச கம்பி, அதில ரத்தம் வேற. அதுதான் பிழை. பனங்கருக்கு மட்டை வைச்சு அடைச்சது, கட்டுக்கம்பியால இறுக்கினது. என்ர கையால. ஏனோதானோ எண்டு அடைச்சால் அடைச்சதெண்டு ஆகாதே.

ஏன் பிள்ளை, கோப்பையை வைச்சிட்டாய்? சூடோ?

நான் யோசிக்காமல் அடைச்சவன் இல்லை. முதல்நாள்தான் ஆமி வந்து சுத்திவளைச்சிட்டுப் போனவன். ரெண்டு நாள் அடுத்தடுத்து ஒருநாளும் வந்ததில்லை. அதாலதான் அந்த நாளைத் தெரிஞ்செடுத்தனான். ஆருக்கும் இடைஞ்சல் வரக்கூடாதெல்லே. கொப்பருக்கு ஏன் சொல்லேல்லை எண்டு கேப்பாய். சொன்னால் அவர் சிரிச்சுக்கொண்டு ஓம் அண்ணை, அடையுங்கோ எண்டிருப்பார். அவற்ற குணம் அது. பிறகு அது அவற்ற சம்மதத்தோட அடைச்சதாப் போயிடும். உரித்துள்ளவன் ஆரையும் கேட்டு அடைக்கிறேல்லை. மகேசு மட்டும் கண்டவ. மனுசர் ஓடிற வழியப்பா எண்டவ. ஒரு நாளைக்குத்தானே எண்டனான்.

நான் நினைச்சதுக்கு மாறா வந்திட்டாங்கள். விடிஞ்சு கொஞ்ச நேரம், நான் கிணத்தடியில முகம் கழுவிக்கொண்டு நிக்கிறன். கோழிச் சத்தம் சந்தியில துவங்கி வீடு வீடா வருது. கொம்மாவின்ர குரல் கடைசியா. நீ அப்ப அவவின்ர இடுப்பில. உன்ர அழுகையும் சேந்து கேக்குது. பிறகு கொப்பர் ஓடிவாற காலடி. தட்டியைத் தூக்கிற சத்தம். தூக்கிப்போட்டு… மட்டையில கை அடிபட்ட சத்தம்.

"அண்ணை. திறவுங்கோ."

கத்தேல்லை. படத்தில கத்திற மாதிரிக் காட்டியிருக்கிறாய், அதுவும் பிழை. மெல்லத்தான் சொன்னவர். பக்கத்து வீட்டில சுண்ணாம்பு கேக்கிற மாதிரி.

நான் வேலியடிக்கு வந்திட்டன். வந்து நிண்டனான். யோசிச்சுக்கொண்டு நிண்டனான் எண்டு சொன்னால் நீ என்ன நினைப்பியோ, ஆனால் உள்ளதைச் சொல்லவேணும். அரை நாளில திறந்தால் அது அடைப்பே இல்லையெண்டு ஆகிடும். பிறகு இன்னொரு நாள் பாத்து முதலில இருந்து துவங்கவேணும். கனநேரம் நிக்கேல்லை. ஒரு மூச்சு விடுற நேரம். அதுக்குள்ள மகேசு குசினியில இருந்து கத்தியோட ஓடிவந்திட்டா. வந்து வெட்டினவ, வெட்டினவ, கம்பி அறேல்லை. நான் கட்டினால் அப்பிடித்தான், ஸ்டேசனில பாசல் கட்டிப் பழகின கை. அவவின்ர கைதான் கிழிஞ்சுது. ஓலைக்குள்ளால கொப்பரின்ர விரல் தெரிஞ்சுது, மட்டையைப் பிடிச்சுக்கொண்டு. அந்த விரல்தான் எனக்கு இன்னும் தெரியுது, பிள்ளை. முகம் இப்ப ஞாபகத்துக்கு வருகுதில்லை, நேற்று அந்த நடிகனைப் பாத்தாப் பிறகு சுத்தமா வருகுதில்லை. விரல் தெரியுது.

ஆமிச் சப்பாத்துச் சத்தம் கேட்டுது. அப்ப அவர் சொன்னார்.

"நீங்கள் உள்ள போங்கோ அண்ணை. உங்களையும் கண்டிடுவாங்கள்."

அந்த நேரத்திலயும் எனக்கு உத்தரவு போடுறார், பாத்தியே? தலைவரெல்லே. நான் மகேசுவை இழுத்துக்கொண்டு உள்ள போயிட்டன். கொண்டுபோனாங்கள். பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனதைக் கண்டவை இருக்கினம். அங்கயிருந்து எங்க எண்டு இண்டு வரைக்கும் ஒருத்தரும் சொல்லேல்லை. கொம்மா ஏறாத காம்ப் இல்லை. உன்னை இடுப்பில வைச்சுக்கொண்டு திரிஞ்சவ.

அண்டைக்கு முழுக்க நான் அந்தப் பொட்டைத் திறக்கேல்லை. இனித் திறந்து என்ன பிரயோசனம்? குறையாக் கிடந்த நாளையும் முடிச்சனான். அதால சட்டப்படி அந்த அடைப்புச் செல்லும்.

மகேசுதான் வில்லங்கம் பண்ணினவ. அதுக்குப் பிறகு அந்த வேலிப் பக்கமே போகமாட்டா. என்னோட கதைக்கிறதும் உப்புப் புளியளவில நிண்டுபோச்சு. ஆமி வந்து பிடிச்சதுக்கு நான் என்ன செய்யிறது எண்டு கேட்டால் எழும்பிப் போயிடுவா. சாகேக்கையும் தலைமாட்டை அந்தப் பக்கம் வைக்கவேண்டாம் எண்டவ. பொம்பிளையளுக்குச் சட்டம் விளங்கிறேல்லை, பிள்ளை. உன்னைச் சொல்லேல்லை, நீ படிச்சனீ.

அதுக்குப் பிறகு கொஞ்ச நாளில என்ர முன் படலையில மண்மூட்டை அடுக்கிப்போட்டாங்கள். காவல் சென்றி. முன்னால போகேலாது. வீட்டில அரிசி இல்லை. நான் என்ன செய்ய? நானே போய் மட்டையைக் கழட்டிப்போட்டு, பொட்டுக்குள்ளால குனிஞ்சு உங்கட முத்தத்துக்கு வந்தன். கொம்மா முத்தம் கூட்டிக்கொண்டு நிண்டவ. நிமிர்ந்து பாத்தவ. ஏதோ சொல்லப்போறா எண்டு நான் நிண்டன். கூட்டின விளக்குமாத்தை ஒரு பக்கம் எடுத்துப் பிடிச்சா, நான் போக. நான் போனன்.

அண்டையில இருந்து இண்டுவரைக்கும் போய்வாறன். ஒருநாள் ஏன் எண்டு கேக்கேல்லை. மழைக்காலத்தில முத்தத்தில வெள்ளம் நிண்டால் நான் கால் வைச்சுப் போகக் கல்லு அடுக்கி வைப்பா. வேலியடைக்க ஆள் பிடிச்சால் அந்த இடத்தை மட்டும் விட்டு அடைப்பிப்பா. எனக்குக் காச்சல் வந்து படுத்தால் பொட்டுக்குள்ளால சோறு வரும். நான் வாயைத் திறந்து கேட்டதில்லை. இவ்வளவு வருசத்தில அவ ஒரு நாள்கூட அதை அடைக்கேல்லை, பிள்ளை. ஒரு நாள் அடைச்சிருந்தால் காணும், எனக்கு ஒரு உரித்தும் இல்லை. அவவுக்கு ஆர் சட்டம் சொல்லிக்குடுக்கிறது? இப்ப பார், அந்த வழி எனக்குச் சட்டப்படி உரித்தாகிட்டுது. நாளைக்கு நீ வந்து மதில் கட்டப்போறன் எண்டாலும் என்னை மறிக்கேலாது. கட்டமாட்டாய், எனக்குத் தெரியும். ஒரு பேச்சுக்குச் சொல்லுறன்.

கொம்மாவும் லேசுப்பட்ட ஆள் இல்லை. நீ சின்னனா இருக்கேக்க ஒருநாள் என்னட்டை வந்து, வேலி ஏன் மாமா அப்பாவை ஓட விடேல்லை எண்டு கேட்டனீ. ஞாபகம் இருக்கோ? நான் உனக்கு விளங்கப்படுத்த வெளிக்கிட, கொம்மா வந்து உன்னைத் தூக்கிக்கொண்டு போயிட்டா. பிறகு தனியத் திரும்பி வந்தவ. வந்து அந்தப் பொட்டடியில நிண்டு சொன்னா.

"ஆமி அடைச்சதெண்டு பிள்ளைக்குச் சொல்லியிருக்கிறன் அண்ணை. அப்பிடியே இருக்கட்டும். அவள் இந்த வேலியைப் பாத்துக்கொண்டுதானே வளரவேணும்."

பாத்தியே கெட்டித்தனத்தை? ஆமி அடைச்சதெண்டால் நான் அடைச்சது இல்லையெண்டு ஆகும். என்ர அடைப்பு அழிஞ்சுபோகும். அப்ப உங்கட ஆக்களின்ர உரித்து அறாமல் கிடக்கும். நான் அண்டைக்கு, தாலியைக் குடுத்திட்டு நிக்கிற மனுசியோட என்னத்தைக் கதைக்கிறது எண்டு விட்டிட்டன். வாய்ப்பேச்சுத்தானே, காத்தோட போயிடும் எண்டும் நினைச்சன். ஆனால் இப்ப நீ படமா எடுத்திட்டாய். உலகம் முழுக்கப் போட்டுக் காட்டுறாய். படமெண்டால் சாட்சியெல்லே?

அதால நான் கேக்கிறது ஒரு சின்ன மாற்றம். பெரிய வேலையில்லை உனக்கு. கம்பியை எடுத்திட்டுக் கருக்கு மட்டையைப் போடு. முதல்நாள் பின்னேரம் ஒரு ஆள் வந்து அடைக்கிற மாதிரி ஒரு காட்சி. வெள்ளை வேட்டி, கொஞ்சம் உயரமான ஆள். என்ர பேரைப் போட்டாலும் எனக்கு ஆட்சேபனை இல்லை. அருளம்பலம், ஓய்வுபெற்ற ஸ்டேசன் மாஸ்டர். உள்ளதை உள்ளபடி காட்டினால் எல்லாருக்கும் நல்லம்.

எங்க, தேத்தண்ணியில வாய் வைக்கேல்லை நீ. ஆறிப்போச்சு. வேற வைக்கட்டே?

அது ஆர்? கொம்மாவோ கூப்பிடுறா? பா… பா… பா… எண்டு… ஓம், அவதான். கோழியெல்லே கூப்பிடுறா. உங்கட வளவில ஏது கோழி? வயசு போச்சு அவவுக்கும், மறதி வந்திட்டுது போல கிடக்கு. எவ்வளவு சத்தமாக் கூப்பிடுறா பாரன். நீ இரு, கோழி இல்லாத மனுசி கூப்பிட்டுக் களைச்சு விடுவா.

எழும்பிட்டியே? என்ன கேட்டனீ, சத்தமாச் சொல்லு. விரலோ? ஓ, எந்த இடத்தில எண்டோ? வா காட்டிறன். படத்துக்கு வேணுமெல்லே, சரியாத்தான் காட்டவேணும். இந்தா, இந்தக் கதியாலுக்குப் பக்கத்தில. கையை அவ்வளவு மேல வைக்காத. கீழ. இன்னும் கீழ. கொப்பர் கட்டை எண்டு சொன்னனானெல்லே. ஆ, அதிலதான். அந்த இடம்தான்.

கையை எடு பிள்ளை, கருக்கு வெட்டிப்போடும். வதனி, கையை எடு.

சரி, போயிட்டு வா. நாளைக்கும் வா, அந்தக் காட்சியை ரெண்டு பேருமா இருந்து யோசிப்பம். குனிஞ்சு போ. தட்டியை விடு, அது தானா விழும். ஏன் இழுக்கிறாய்? சால்வையைக் கழட்டி என்ன செய்யிறாய்? அது கட்டிறதில்லை பிள்ளை, கனகாலமா ஒருத்தரும் அதைக் கட்டினதில்லை. கட்டினால் எனக்கு வெளிய வர வழி இல்லையே. முன் படலை உனக்குத் தெரியும்தானே. பின்னேரம் நான் சீனி வாங்கப் போகவேணும்.

கொம்மாவின்ர சத்தமும் நிண்டுபோச்சு. தவமலர், நிக்கிறியோ அங்கால? பிள்ளைக்கு ஒருக்கால் சொல்லன்.

ஓலைக்குள்ளால உன்ர விரல் மட்டும்தான் தெரியுது. நல்லா இறுக்கிறாய்.

வதனி? ஒரு நாளைக்குத்தானே, பிள்ளை? ஒரு நாளைக்குத்தானே?